மூன்றாம் ஓலையை வாசித்தவன்

என் தம்பியின் உடலில் எந்த நோய் குடியேறியிருந்தது என்பதை அவனுடைய திருமணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னரே நான் அறிந்திருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு எனக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன். இராஜாக்கமங்கலத்துக்கு அருகே, நான்கு தலைமுறைகளாக ஒரே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, அதே ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறும் குடும்பம் எங்களுடையது. என் தந்தைக்குப் பின் சபைச் செயலர் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் வீட்டாரைப் பற்றிப் பேசுகையில் ஊரில் எவரும் குரலைத் தாழ்த்த நேர்ந்ததில்லை. அதைப் பெருமையாகக் கருதினேன். இன்றும் கருதுகிறேன் என்பதை மறைப்பதற்கில்லை.

தம்பி பம்பாயில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தான். வளைகுடாவுக்கு விசா வந்து, மெடிக்கலுக்குப் போனவனை 'அன்ஃபிட்' என்று முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் பழைய சளியின் தழும்பு என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினான். அந்நாட்களில் எத்தனையோ இளைஞர்கள் அப்படித் தழும்போடு திரும்பியிருந்தார்கள். ஆகவே எவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏற்கெனவே பேசி வைத்திருந்த பெண் ஒருத்தி இருந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நாள் குறித்தோம்.

எங்கள் சபைகளில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் ஆராதனையின் நடுவே ஓலை வாசிப்பது முறை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்து, வாசிப்பவர் சற்று நேரம் காத்து நிற்க வேண்டும். எங்கள் ஆலயத்தில் வாசிப்பவன் நான்.

முதல் ஓலை வாசித்த வாரம், வெள்ளிக்கிழமை பிற்பகலில், நான் விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்த அறைக்குள் தம்பி வந்து கதவைச் சாத்தினான்.

"அண்ணே, அது நெஞ்சுத் தழும்பு இல்ல."

ஓர் இரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நீட்டினான். அதை வாசிக்க எனக்கு எவருடைய உதவியும் தேவைப்படவில்லை.

"ஒரு தடவதாண்ணே" என்றான். நான் எத்தனை தடவை என்று கேட்டிருக்கவில்லை.

"கல்யாணத்தை நிறுத்திவிடலாம்."

"நிறுத்துனா எதுக்குன்னு கேப்பினுமே. நீங்க என்னத்தச் சொல்லுவிய?"

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் குடும்ப ஞாயிறு ஆராதனையில் இந்நோயைப் பற்றி நான் பேசியிருந்தேன். வேதாகமக் காலத்துப் பாளையத்தில் விழுந்த வாதையைப் போல, கற்புநெறி பிறழ்ந்தவர்களின் நடுவே கடவுள் எழுப்பிய வேலி இது. மணவாழ்வில் உண்மையாயிருப்பவன் வீட்டு வாசலை இது மிதிக்காது என்று சொன்னேன். நல்ல பேச்சு என்று பலரும் கைகுலுக்கினார்கள்.

இரண்டாம் ஓலையை வாசித்தேன். அடுத்த வாரம் முழுவதும் சபைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். விவாகத் தடைகளாக அதில் இருந்தவை உயிரோடிருக்கும் துணை, விலக்கப்பட்ட உறவுமுறை, வயதுக் குறைவு ஆகியவை. நோய் அப்பட்டியலில் இல்லை. பெரும் பாரம் இறங்கியவனைப் போல நான் அந்தப் புத்தகத்தை மூடினேன். கல்வி கற்ற மனிதனுக்குத்தான் இப்படியொரு தவறு செய்ய இயலும் என்று இப்போது எண்ணுகிறேன். எழுத்தறியாத ஒருவன் அந்தப் பெண்ணின் தகப்பனிடம் ஓடியிருப்பான்.

மூன்றாம் ஞாயிறு, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று நானே சபையாரைக் கேட்டேன். நானே காத்து நின்றேன். மின்விசிறிகள் சுழன்றன. பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை இருமியது. முன்வரிசையில் தம்பி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடைவெளி அரை நிமிடம் இருந்திருக்கலாம். அதன் பிறகு ஆலயத்தில் எந்த மௌன ஜெபத்திலும் என்னால் கண்களை மூட முடிந்ததில்லை.

புதன்கிழமை திருமணம் நடந்தது. இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான்காம் ஆண்டில் தம்பி இறந்தான். இறுதி மாதங்களில் எடுத்த பரிசோதனைகளில் குழந்தைக்கு நோயில்லை என்றும் தாய்க்கு உண்டு என்றும் தெரிந்தது. மணவாழ்வில் உண்மையாயிருப்பவர் வீட்டு வாசலை மிதிக்காது என்று நான் உறுதி கூறியிருந்த அந்நோய், என் அடுத்த வீட்டில், உண்மையைத் தவிர வேறெதுவும் செய்தறியாத ஒரு பெண்ணுக்குள் இருந்தது.

ஊருக்கு விஷயம் கசிந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பேச்சும் உடன் எழுந்தது. சவ அடக்கத்துக்குப் பின் ஒரு நாள் ஆலய வளாகத்தில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் என் அருகே வந்து கேட்டார்:

"சார், அந்தப் பிள்ளை கல்யாணத்துக்கு முந்தி திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரியில வேலைக்கு நின்னவ இல்லியா?"

"ஆமாம்" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. அவர் தலையசைத்துக்கொண்டு போனார். பொய் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஓர் 'ஆமாம்' ஒரு மாதத்துக்குள் ஊர் முழுவதும் நடந்து, அவள் வேலை பார்த்த இடத்தில் எப்படி இருந்தாளோ என்ற கதையாக வளர்ந்தது. என் தம்பியின் பெயர் தப்பியது. திருவிருந்தில் எல்லாரும் வாய்வைத்து இரசம் அருந்த எங்களுக்கு ஒரே பாத்திரம். அவளாகவே எல்லாரும் எழுந்து போன பின் கடைசி ஆளாய் வந்து முழந்தாளிடத் தொடங்கினாள். அவளுக்கு அப்படிச் செய்யும் அறிவு இருந்தமைக்காக, செயலர் என்ற முறையில், நான் நன்றியுள்ளவனாக இருந்தேன். இதைவிடக் கீழான நன்றியை நான் உணர்ந்ததில்லை.

அரசு மருத்துவமனை மாத்திரைகளால் அவள் பிழைத்தாள். வீட்டில் தையல் தைத்துப் பிள்ளையை வளர்த்தாள். என்னிடம் எதையும் கேட்டதில்லை.

பின்னர் பெருந்தொற்று வந்தது. மனைவியை முன்னரே இழந்து தனித்திருந்த எனக்கும் அது வந்தது. தெருவின் இருபுறமும் தகரம் வைத்து அடைத்தார்கள். மீன்காரி கூட என் வீட்டைத் தாண்டும்போது மறுபக்கம் ஒதுங்கிப் போனாள். சபையார் கைபேசியில் அழைத்து ஜெபித்தார்கள். எனக்கு இத்தொற்று வருவதற்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று எவரும் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். குருடனாய்ப் பிறந்தவனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று வேதாகமத்தில் சீடர்கள் கேட்ட கேள்வியை எங்கள் ஊர் ஆள் பார்த்தே கேட்கிறது.

தினமும் இரண்டு வேளை வாசற்கதவருகே ஒரு தூக்குப் பாத்திரம் இருக்கும். முதல் நாள் ஜன்னல் வழியே தம்பி மனைவியைத் தடுத்தேன்.

"உனக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு. இந்தப் பக்கம் வராதே."

"என்னைப் பாத்து இந்த ஊரு ஒதுங்குனதுல பாதி கூட உங்களைப் பாத்து ஒதுங்கல, அத்தான். கஞ்சி ஆறிப்போவும், எடுங்க."

கேலியா குற்றச்சாட்டா என்று தெரியவில்லை. முகக்கவசத்துக்குள் அவள் சிரித்தது போலிருந்தது.

சென்ற ஆண்டு அவள் மகளுக்குத் திருமணம் கூடியது. மகளும் தாயைப் போல நர்ஸ். மாப்பிள்ளையின் வீடு பத்மநாபபுரம் கோட்டைக்குள். மகள் தாயின் நோயை அவனிடம் மறைக்கவில்லை. அவனும் தன் தகப்பனாரிடம் மறைக்கவில்லை. தகப்பனாருக்கு மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. அவர்களுடைய உறவினர் ஒருவர் எங்கள் ஊர்க் கதையை அவர் காதில் போட்டிருந்தார். முதல் ஓலை வாசித்த மறுநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் கெட்டுப்போனவள்னு அந்த வீட்டுல நினைக்குதினும், அத்தான். நீங்க போய்ச் சொல்லணும்."

"சொல்கிறேன். நோய் தம்பியிடமிருந்து வந்தது என்று உறுதியாகவே சொல்கிறேன்."

"அதைச் சொன்னா நம்ப மாட்டினும். கல்யாணத்துக்கு முந்தியே உங்களுக்குத் தெரியும்னு சொல்லுங்க. அதைச் சொன்னாத்தான் நம்புவினும்."

"அது உனக்கு எப்படி..." என்று தொடங்கினேன்.

"அவரு கண்ணை மூடுறதுக்கு முன்ன எனக்கிட்ட எல்லாம் சொன்னாரு" என்றாள். "தெரிஞ்சும் ஓலைய வாசிச்சதே நீங்கதான்னு சொல்லி அழுதாரு. நான் ஒருநாளாவது உங்கள்ட்ட கேட்டனா? இப்பவும் எனக்காகக் கேக்கல. எனக்க பிள்ளை நாளைக்கு அந்த வீட்டுல வாழணும். கெட்டவளுக்க மகள்னு வாழக் கூடாது."

அவள் சொன்னதில் பிழையில்லை. அவளுடைய கற்புக்குச் சாட்சி உலகில் ஒன்றே ஒன்று, என் குற்றம். ஒன்றைத் திறக்காமல் மற்றொன்றைத் திறக்க வழியில்லை.

இரண்டாம் ஓலைக்கு முன் கோட்டைக்குள் அந்த வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் தகப்பனார் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர்; வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

"ஏட்டி, சாருக்கு ஏத்தம்பழம் எடு. காலேஜ் சாரு வீடு தேடி வந்திருக்காரு, நான் பரீட்சைக்கு வந்தவன் கணக்கா நிக்கேன், பாத்தியா!" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "பய எல்லாம் சொன்னான் சார். பிள்ளை தங்கம். எனக்கு ஒண்ணுதான் அறியணும். அந்தம்மா எப்படி?"

"என் தம்பியிடமிருந்தே அவளுக்கு நோய் வந்தது. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை."

"அது சாருக்கு எப்படித் தெரியும்?"

வெளியே அரண்மனை பார்க்க வந்த வேன் ஒன்று வழி கேட்டு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு எடுத்த படம் தொங்கியது. சொல்லவேண்டிய வாக்கியம் என் நாவில் முழுமையாக இருந்தது. இலக்கணப் பிழையற்று, வழிநெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம்.

"பிற்பாடு மருத்துவர்கள் சொன்னார்கள்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்து, என் முழங்காலில் தட்டினார்.

"சார், நான் முப்பது வருஷம் பஸ்ல நின்னவன். டிக்கெட் எடுக்காம 'எடுத்தாச்சு'ங்கவனுக்க மூஞ்சி எனக்குத் தெரியும். செத்த தம்பி மேல பழியப் போட்டு, இருக்கிற பொம்பளையக் காப்பாத்துதிய. இந்தப் பெரிய மனசு வேற ஆருக்கு வரும்? உங்க முகத்துக்காக இந்தச் சம்பந்தம் நடக்கும். பிள்ளைய நாங்க பொன்னு போல வச்சிருப்போம். அந்தம்மா மட்டும் இங்க அதிகம் வரண்டாம்."

மறுத்துப் பேச வேண்டிய இடம் அதுதான். நான் எழுந்து கைகூப்பினேன்.

திருமணம் நடந்தது. பதிவேட்டில் பெண் வீட்டார் சார்பில் தாய் கையொப்பமிடுவதற்குப் பதில் நான் இட வேண்டும் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் எல்லார் முன்னிலையிலும் அன்போடு வற்புறுத்தினார். அவள் பேனாவை என்னிடம் கொடுத்தாள். நான் அந்த வீட்டில் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பதை அப்போது அவள் அறிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

இப்போது மகளைப் பார்க்க அவள் தக்கலைப் பேருந்து நிலையம் வரை போகிறாள். மகள் அங்கே வந்து பார்க்கிறாள். இருவரும் ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் பேசிவிட்டு எதிர் எதிர்ப் பேருந்துகளில் ஏறுகிறார்கள்.

இதுவரை எழுதியதைச் சென்ற வாரம் அவளிடம் கொடுத்தேன். தையல் இயந்திரத்தின்மேல் வைத்து, விரலால் வரி பிடித்து, முழுவதும் வாசித்தாள்.

"அச்சுல வருமா?"

"வரும். பெயர்கள் எதுவும் இருக்காது."

"பேரு இல்லாம எழுதுறது லேசு, அத்தான்" என்றாள். தாள்களை ஓரம் தட்டி ஒழுங்காக அடுக்கி என்னிடமே திருப்பித் தந்தாள். "அந்த வீட்டுல போய் இருந்து, எனக்க பேரைச் சொல்லி, உங்க பேரைச் சொல்லிப் பேசணும். எப்பப் போறிய?"

வருகிற திங்கட்கிழமை என்றேன். அந்தத் திங்கட்கிழமை நேற்று; நான் வீட்டில்தான் இருந்தேன்.