கொமியாவின் காது

நகாசே ஷூஜி பள்ளிக்கூடத்தில் மலை வரைந்தால் வாத்தியார் அதைப் பூசணிக்காய் என்பார். அப்படிப்பட்ட ஆளைத்தான் போலீஸில் சேர்ந்த பிறகு பயிற்சிக்கு அனுப்பி, பார்த்தவர் சொல்லச் சொல்லத் திருடன் முகம் வரைய வைத்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முந்நூறு முகம் வரைந்துவிட்டார். பயிற்சியில் மண்டையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: ‘இப்படித்தானே இருந்தான்?’ என்று கேட்காதே, ‘எது சரியில்லை?’ என்று கேள். இந்த ஊர்க்காரர்கள் வாய்விட்டு ‘இல்லை’ என்று சொல்லவே மாட்டார்கள். அவ்வளவு மரியாதை!

கைப்பை பறிகொடுத்த மினேயோ அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. வந்து உட்கார்ந்ததும், “உங்களுக்குச் சிரமம் குடுக்கறேன் தம்பி” என்று நாலு தரம் குனிந்தார்.

“ஒல்லி மூஞ்சி. ராத்திரி தூங்காதவன் மாதிரி இருந்தான்.”

“காது எப்படிம்மா?”

“காதை யாரு தம்பி பார்த்தா?”

ஷூஜி மூன்று முறை அழித்து வரைந்தார். மதியம் மகளின் பள்ளி ஓட்டப் பந்தயத்துக்குப் போக வேண்டும். காது இருக்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது. கை தானாக ஒரு காதை வரைந்தது, மேல் நுனி மடங்கிய காது. கன்னமும் அதற்கேற்றபடி ஒட்டிக்கொண்டது.

“இப்படித்தானேம்மா இருந்தான்?” என்று கேட்டுவிட்டார்.

அம்மா படத்தைப் பார்த்தார். ஷூஜியின் நெற்றி வியர்வையையும் பார்த்தார். “அப்படியே இருக்கு தம்பி.”

படம் ரயில் நிலையத்திலும், ஊர் ஆண்கள் சேர்ந்து அம்மணமாகக் குளிக்கும் பொதுக் குளியல்கூடத்திலும் ஒட்டப்பட்டது. மூன்றாம் நாளே நாலு பேர் போன் செய்தார்கள்: சைக்கிள் கடை கொமியா! ஷூஜிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மினேயோ அம்மா வந்த அன்று காலையில் கொமியா குனிந்து ஷூஜியின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியபோது, அரைமணி நேரம் அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கொமியாவை அரைநாள் உட்கார வைத்து விசாரித்தார்கள். சம்பவ நேரத்தில் தாயாரோடு ஆஸ்பத்திரியில் இருந்தது தெரிந்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊரில் உண்மைத் திருடன் பிடிபட்டான். ஒல்லி மூஞ்சிதான், ஆனால் காது மடங்காமல் விடைத்திருந்தது. அவனை அடையாளம் காட்ட வந்த மினேயோ அம்மா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “நீங்க அவ்வளவு பாடுபட்டு வரைஞ்சீங்க. எப்படித் தம்பி இல்லைன்னு சொல்றது?” என்றார்.

படங்களைக் கிழித்தாயிற்று. ஆனால் போலீஸ் கூப்பிட்டதென்றால் ஏதோ இருக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கொமியாவின் கடையில் காற்றடிக்கக்கூட ஆள் வரவில்லை. அந்தத் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த கோழைகளில் ஷூஜியும் ஒருவர்.

ஒரு சனிக்கிழமை வெட்கம் தாங்காமல் கடை வாசலில் போய் நின்றார்.

“அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான், கொமியா. உன் காதைப் பார்த்து வரைஞ்சிட்டேன்.” சொல்லிவிட்டுத் தரையில் மண்டியிடப் போனார்.

“எந்திரிங்க சார். தெருவுல கும்பிட்டீங்கன்னா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க.” கொமியா ஸ்பேனரைக் கீழே வைத்தார். “நாலு மாசமா நான் குளியல்கூடத்துக்குப் போகலை. போய் உக்காந்தா பக்கத்துல இருக்கிறவன் எந்திரிச்சுப் போறான். இன்னிக்குச் சாயங்காலம் என்கூட வாங்க.”

போனார்கள். சுவரில் பசை காய்ந்த சதுரம் இன்னும் தெரிந்தது. இருவரும் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். ஷூஜிக்குத் தன் அம்மணம் முதல்முறையாகக் கூசியது.

அவர் எழுந்து நின்றார். “இங்க ஒட்டியிருந்த படம்... அது தப்பு. திருடனைப் பார்த்து வரையலை. இவரைப் பார்த்து நான் வரைஞ்சது.” குரல் தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கரைந்தது.

கொமியா தலையைத் திருப்பவில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே, “இன்னும் சத்தமாச் சொல்லுங்க சார்,” என்றார். “தொட்டிக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்கலை.”