மீட்டர் இன்னும் பெட்டியில்தான் இருந்தது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு இது நடந்தது. அதுவும் ராத்திரியில் அல்ல, பிற்பகல் மூன்று மணிக்கு.

நான் எலக்ட்ரீஷியன். என் மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். ஓர் அலுவலகக் கட்டடத்தில் பழைய மின் மீட்டர்களைக் கழற்றிவிட்டு, அளவை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் புது மீட்டர்களை மாட்டும் வேலை எங்கள் இருவருக்கும் கிடைத்தது. நான் தரைக்கடியில், பேனல் அறையில். அவன் ஐந்தாவது மாடியில், ஏ.சி.யில். "நீங்க வேர்த்து வடிங்க மாமா. நான் ஸ்வெட்டர் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

மீட்டரை மாட்டி, நெட்வொர்க் கேபிளைச் செருகியதும் அவன் திரையில் எண் வரும். எண் வந்தால் மட்டும் போன் செய், சும்மா சும்மா கூப்பிடாதே என்று சொல்லியிருந்தேன்.

கடைசி மீட்டர் ஒரு பம்புக்கானது. அதன் பிரேக்கரை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி என் பூட்டை மாட்டினேன். சாவி சட்டைப் பையில். பிறகு பேனலுக்கும் சுவருக்கும் இடையில் ஒருக்களித்து நுழைந்தேன். முகத்துக்கு நேரே இரும்பு, முதுகில் சுவர். திரும்பக்கூட இடமில்லை.

பம்புக்குப் போகும் தடித்த கேபிளைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகள்தான் மீட்டருக்கு அளவு சொல்லும். கேபிளில் மின்சாரம் ஓடும்போது அந்தக் கம்பிகள் திறந்து நிற்கக் கூடாது. நின்றால் நுனிகளுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். ஆளைக் கருக்கிவிடும். அதனால் முதலில் இரண்டையும் இணைக்கும் தகட்டை இறுக்கிவிட்டுத்தான் மீட்டரைத் தொடுவோம். பிரேக்கர்தான் பூட்டியிருக்கிறதே என்று அன்று நான் இறுக்கவில்லை.

பழைய மீட்டரைக் கழற்றினேன். புதியது பெட்டியோடு அறை வாசலில் இருந்தது.

அப்போது வளையம் முனகியது.

ம்ம்ம்ம்ம்...

கம்பி நுனிகளில் நீலப் பொறி. யோசிக்கவில்லை. பிளையரால் இரண்டையும் சேர்த்து நெரித்துப் பிடித்தேன். பொறி அடங்கியது. முனகல் அடங்கவில்லை.

விட்டால் செத்தேன். தகட்டை இறுக்க மறு கை எட்டவில்லை. கத்திப் பார்த்தேன். அறைக் கதவு தடித்த இரும்பு. கத்தல் எனக்கே திரும்பி வந்தது.

விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. மச்சினன் எப்போது வருவான் என்று யோசித்தேன். எண் வராமல் அவன் கூப்பிட மாட்டான். நான் சொன்னதுதான்.

கதவுச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் என் பின்கழுத்தருகே குரல்.

"மாமா, ஆஃப் பண்ணிட்டேன். விட்டுடுங்க."

அவன் குரலேதான். உடம்பு தளர்ந்தது. விரலும் தளரப் பார்த்தது...

ம்ம்ம்ம்ம்.

"இன்னும் ஓடுதுடா" என்றேன்.

"விட்டுடுங்க."

"முன்னால வா. முகத்தைக் காட்டு."

அப்போதுதான் உறைத்தது.

என் பின்னால் இருந்தது சுவர்.

வாசலில் என் போன் அடித்தது.

அவன் மேலே இருக்கிறான்.

எண் வந்தால்தானே கூப்பிடுவான்?

மீட்டர் இன்னும் பெட்டியில்...

"விட்டுடுங்க மாமா."

கண்ணை மூடிக்கொண்டேன். விடவில்லை.

போனை நான் எடுக்காததால் அவன் இறங்கி வந்தான். டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக் காட்டச் சொன்னேன். காட்டினான். எதிர்ப்பக்கமாக நுழைந்து தகட்டை இறுக்கினான். பிளையரிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் முனகல் நின்றிருந்தது. பிரேக்கர் அணைந்தே கிடந்தது, என் பூட்டோடு. மேலே திரையில், பம்ப் முழுவேகத்தில் ஓடுவதாக எண் வந்ததாம்.

மறுநாள் கட்டட மேற்பார்வையாளர் எங்களைப் பம்ப் குழிக்கு அழைத்துப் போனார். பம்பே இல்லை. என் கேபிளின் மறுமுனை வெட்டப்பட்டு, டேப் சுற்றிச் சுவரோரம் கிடந்தது. நாங்கள் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

பிறகு சொன்னார். பம்ப் இருந்த காலத்தில் ஒரு நாள், அதை ரிப்பேர் பார்க்க அவரும் ஒரு மெக்கானிக்கும் இந்தக் குழியில் இறங்கியிருந்தார்களாம். மேலே ஆளே கிடையாது.

"ஆஃப் பண்ணியாச்சு, தொடலாம்னு குரல் கேட்டுச்சு. எனக்கு அது எங்க அண்ணன் குரல். நான் திகைச்சு நின்னுட்டேன். அவரு மட்டும், என் பொண்டாட்டி எப்ப இங்க வந்தாள்னு சிரிச்சுக்கிட்டே கைய வச்சாரு."