பதினோரு பிராங்க்ளின்கள்

லேமினேஷன் மெஷினுக்குள் விடுவதற்கு முன்னால் எந்தக் காகிதத்தையும் பிராங்க்ளின் அண்ணன் ஒருமுறை மோந்து பார்ப்பார். ஈரம் இருந்தால் மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். பிறகு இரண்டு பக்கமும் ஊதுவார், சட்டைக் கையால் துடைப்பார், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒற்றைக் கண்ணால் நேர் பார்ப்பார். மெஷின் அதை இழுத்துக்கொண்டதும் மறுபக்கம் ஓடிப்போய் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்பார். சூடாக வெளியே வருவதைக் கன்னத்தில் ஒருதரம் ஒத்திப் பார்த்துவிட்டுத்தான் தருவார். "இந்தாங்க. இனிமே இதுக்குச் சாவே கெடையாது."

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சந்தின் முனையில் இருக்கிறது அவருடைய ஜெராக்ஸ் கடை. அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. நான் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஓர் அலுவலகம் ஏதாவது ஒரு சான்றிதழின் நகலைக் கேட்டிருக்கும். ஆகவே என் விடுமுறையில் பாதி அவர் கடை பெஞ்சில்தான் கழியும். சுவர் முழுக்க அவர் சாவிலிருந்து காப்பாற்றிய பொருட்கள். குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் கொடுத்த ஓலைச் சிலுவை. மனைவி எழுதிக் கொடுத்த ஒரு மளிகைச் சீட்டு. பழைய நாள்காட்டித் தாள் ஒன்று. அன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டால், "என்னமோ இருந்துச்சு தம்பி, அதான போட்டு வச்சிருக்கேன்" என்பார்.

அந்தச் சுவரிலேயே தனி ஆணியில் தொங்கியதுதான் இருமல் சீட்டு.

போன மழைக்காலத்தில் அவருக்கு மூன்று வாரமாக விடாத வறட்டு இருமல். நெஞ்சு டாக்டர் ஒருவர் பார்த்து, கோடீன் கலந்த சிரப் ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஐந்து மில்லி, மூன்று வேளை, ஐந்து நாள், அவ்வளவுதான். இரண்டாம் நாளே இருமல் நின்றது. நன்றிக்கடனாக அந்தச் சீட்டை லேமினேட் செய்தார் பிராங்க்ளின் அண்ணன். சீட்டு உறையைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்ததால் மேலே அரை அங்குலம் வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டுப்பட்டது தேதி. அன்றிலிருந்து அந்தச் சீட்டுக்கு உண்மையிலேயே சாவு இல்லாமல் போய்விட்டது.

சந்தில் யார் இருமினாலும் முதல் இருமலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டாவதுக்குக் காது நிமிரும். மூன்றாவதுக்கு ஆணியிலிருந்து சீட்டு இறங்கிவிடும். "கொண்டு போ அப்பு. சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுத்துரு, அம்புட்டுதான்." யாருக்கு, எதற்கு என்று மட்டும் கேட்க மாட்டார். உதவி கேட்டு வந்தவனிடம் விவரம் கேட்பது மரியாதைக் குறைவு என்பது அவர் கொள்கை.

சீட்டிலோ, பிராங்க்ளின், ஆண், ஐம்பத்து நான்கு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதனால் மருந்துக் கடையில் எல்லோரும் பிராங்க்ளினாகத்தான் போய் நின்றார்கள். தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் பேச்சாயி அக்கா போனபோது நடந்ததை அவரே சொல்லக் கேட்டேன்.

"பேரு என்னன்னு கேட்டான். பிராங்க்ளினுன்னேன். நீங்களாம்மான்னான். பேப்பருல அப்பிடித்தானப்பா போட்டுருக்கு, அப்புறம் நான் வேற என்னத்தச் சொல்லன்னேன். எழுதிக்கிட்டான்."

ஒருநாள் கடைக்காரர் மருந்தைக் கட்டி வைத்துவிட்டு "பிராங்க்ளின்!" என்று கூப்பிட, மூன்று பேர் எழுந்தார்களாம். சந்தில் மொத்தம் பதினோரு பிராங்க்ளின்கள் இருப்பதாகக் கணக்கு. கடைக்காரரின் பதிவேட்டை யாராவது எடுத்துப் படித்தால், ஒரே ஆள் நாள் தவறாமல் மருந்து குடித்துக்கொண்டு எப்படியோ உயிரோடும் இருக்கிறான் என்று வியந்திருப்பார்கள்.

சந்தில் இருமல் நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது. இந்த வகை மருந்து குடலையும் சேர்த்துத் தூங்க வைக்கும். காலையில் எல்லார் முகமும் கல்லாக இருந்தது. முக்குக் கடையில் சிறுமலை வாழைப்பழம் பத்து மணிக்குள் தீர்ந்துபோனது. கோடையில்கூட இப்படி விற்றதில்லை என்று பழக்கடைக்காரருக்கே ஆச்சரியம். ஒருவரும் மருந்தைச் சந்தேகப்படவில்லை; புது அரிசியைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

லோடு ஆட்டோ ஓட்டும் கருப்பணன் கதை வேறு. பகலில் இரண்டு மூடி குடித்துவிட்டு வண்டியை எடுத்தவன், ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் நிறுத்தினான். ரயில் போனது. கேட் திறந்தது. கருப்பணன் போகவில்லை. பின்னால் ஒரு பர்லாங்குக்கு ஹாரன். கேட்கீப்பர் இறங்கி வந்து முகத்தில் தண்ணீர் அடித்தபோது, "மதுரை வந்துருச்சா?" என்றானாம். பிராங்க்ளின் அண்ணனுக்கு இதில் பெருமைதான். "மருந்தோட பவரப் பாத்தீகளா!"

எனக்கும் புழுதியில் இருமல் வந்தது. மூன்றாவது இருமலில் சீட்டு இறங்கியது. எனக்கு எதையும் வாசிக்காமல் விழுங்க வராது. அவர் மேசையில் மிச்சமிருந்த பாட்டிலை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு லேபிளின் பொடி எழுத்தைக் கண்ணோடு ஒட்ட வைத்து, சத்தமாகவே வாசித்துத் தமிழில் சொன்னேன். அபின் இனத்து மருந்து. டாக்டர் எழுதிய ஆளுக்கு மட்டும். மூடியால் அல்ல, அளவுக் கோப்பையால். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்த்தால் மூச்சே அடங்கிவிடலாம். சிறு பிள்ளைகளுக்குக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்குக் கூடாது.

பிராங்க்ளின் அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு தொழில்காரர் தோரணையில் சொன்னார்: "தம்பி, நான் முப்பது வருசமா எழுத்துக்குள்ளயே கெடக்கேன். பெரிய விசயமா இருந்தா பெரிய எழுத்துல போட்டிருப்பான். பொடி எழுத்துல போட்டா, அவனுக்கே அது முக்கியமில்லன்னு அர்த்தம். நீங்க வெளிநாட்டுல இருந்து இருந்து ரொம்பப் பயந்துட்டீக."

நான் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டேன். மறுநாள் பக்கத்து வீட்டு அஜித் வந்து சீட்டைக் கேட்டான். வழக்கம்போல் கேள்வியில்லாமல் கொடுத்தார்.

அஜித்தின் மனைவி புவனேஸ்வரிக்குக் குழந்தை பிறந்து இருபத்தெட்டு நாள். அந்தக் குழந்தைக்கும் பிராங்க்ளின் அண்ணனுக்கும் அன்றாடம் தகராறு. ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தையும் தாண்டிக்கொண்டு அது அழும். "ஏலே, அது தொண்டையா கோவில் ஸ்பீக்கரா?" என்று சுவரைத் தட்டுவார். உடனே இன்னும் ஒரு கட்டை ஏற்றி அழும்.

அதிலிருந்து மூன்றாம் நாள், பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மெஷின் ஓடவில்லை, விசிறி ஓடவில்லை. ஒரு அட்டையால் விசிறியபடி வாசலில் உட்கார்ந்திருந்த பிராங்க்ளின் அண்ணன் பதினொரு மணிவாக்கில் விசிறுவதை நிறுத்தினார்.

"தம்பி, சத்தத்தக் காணோமே?"

"கரண்டு இல்லையே அண்ணே."

"மெசினச் சொல்லல. பிள்ளைய."

அஜித் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "தங்கமாத் தூங்குதுண்ணே. நேத்துல இருந்து ஒரு சிணுங்கல் இல்ல. பாலுக்குக்கூட எழுந்திரிக்கல. நாங்களும் ஒரு மாசம் கழிச்சு இப்பத்தான் தூங்குனோம். இவளுக்கும் உங்க மருந்துல இருமல் நின்னுபோச்சு."

"இவளுக்கா? உனக்குன்னுல்ல நெனச்சேன்."

"நீங்க கேக்கலையேண்ணே."

பிராங்க்ளின் அண்ணன் என் பக்கம் திரும்பினார். அட்டை கையிலிருந்து விழுந்தது. "தம்பி, அந்தப் பொடி எழுத்துல கடைசியா ஒண்ணு வாசிச்சீகளே. தாய்மாருன்னு. அத இன்னொருக்கா சொல்லுங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அந்த வீட்டுக்குள் இருந்தார். குழந்தையின் உதடு வெளுத்திருந்தது. மூச்சு இருந்தது; ஆனால் ஒன்று விட்டு, யோசித்து, அடுத்ததை விடுவதுபோல இருந்தது. கருப்பணனின் லோடு ஆட்டோதான் கிடைத்தது. முன்னால் புவனேஸ்வரி குழந்தையோடு. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள் மூன்று பேர். "நீ இன்னைக்குக் குடிச்சியாடா?" என்று கருப்பணனை நான்கு தடவை கேட்டார் பிராங்க்ளின் அண்ணன். அவர் வாழ்க்கையில் கேட்ட முதல் விவரம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே கொண்டுபோன டாக்டரம்மா, தாய் என்ன மருந்து குடித்தாள், சீட்டு எங்கே என்றார். இன்னும் திருப்பிக் கொடுத்திராத சீட்டை அஜித் நீட்டினான். அது அவர் கையில் பளபளத்தது.

"யாரு பிராங்க்ளின்?"

அஜித் கையைத் தூக்கினான். மருந்துக் கடையில் பழகிய கை. பிராங்க்ளின் அண்ணனும் தூக்கினார். கதவருகில் நின்ற கருப்பணனும் பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டான்.

டாக்டரம்மா மூவரையும் பார்த்தார். "உங்கள்ல யாரு தாய்ப்பால் குடுக்குறது?"

மற்ற இரண்டு கைகளும் இறங்கின.

"மருந்து தாய் உடம்புக்குள்ள போயி, பால் வழியா பிள்ளைக்குப் போயிருக்கு. அது தூங்கலப்பா, மூச்சு விட மறந்துக்கிட்டு இருக்கு. இன்னும் ஒரு ராத்திரி வச்சிருந்தீங்கன்னா..." வாக்கியத்தை முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

நர்ஸம்மா சீட்டைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். ஸ்டேப்ளர் முள் பிளாஸ்டிக்கில் இறங்காமல் வளைந்து விழுந்தது. இன்னொன்று அடித்தார், அதுவும் வளைந்தது. மூன்றாவதும் விழுந்தபோது பிராங்க்ளின் அண்ணன் தலை குனிந்தார். கடைசியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள்.

ஊசி போட்டார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். புவனேஸ்வரி சுவரில் நெற்றியை முட்டியபடி, "நல்லாத் தூங்குதுன்னு சந்தோசப்பட்டேனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்கு மணி இருக்கும். உள்ளேயிருந்து முதலில் ஒரு கரகரப்பு வந்தது, பிறகு அந்தப் பழைய தொண்டை முழுசாக. ஆஸ்பத்திரித் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. பிராங்க்ளின் அண்ணன் எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். அழுகை அடங்கும்வரை உட்காரவில்லை.

நான்கு நாள் கழித்துக் குழந்தை வீட்டுக்கு வந்தது. சீட்டு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது, அவர் கேட்கவில்லை. இருமலோடு வருகிறவர்கள் வருகிறார்கள். "அண்ணே, அந்தச் சீட்டு?" "ஆஸ்பத்திரில இருக்கு. நீயே போயிக் காட்டு." "சீட்டையா?" "நெஞ்ச."

கடையைத் திறப்பதற்கு முன் இப்போது தினமும் பக்கத்து வீட்டில் நுழைகிறார். குழந்தை விழித்திருந்தால் பேசாமல் திரும்பிவிடுவார். தூங்கினால்தான் வம்பு. "அண்ணே, இப்பத்தான் தூங்க வச்சேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று புவனேஸ்வரி அடுப்படியிலிருந்து கெஞ்சுவாள். அவர் தொட்டில் சேலையை விலக்கி, அந்தச் சின்ன உள்ளங்காலை விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, அதன் முகம் சுருங்கி, வாய் விரிந்து, வீடு அதிர அழுகை வருகிறவரைக்கும் குனிந்தபடியே நிற்கிறார்.