அம்மாவின் குக்கரில் வெந்த பன்றி விலா

1984 ஆகஸ்ட் 18, சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் ஒரே வரிசையில்தான் நடக்கும். அம்மா குளித்துவிட்டு விளக்கேற்றி, குக்கரில் பருப்பு வைப்பார். நான் பள்ளிச் சீருடையைத் துவைப்பேன். அப்பா பாசார் என்கிற சந்தைக்குப் போய்ப் பன்றி விலா எலும்பு வாங்கி வருவார். அப்பா நோயில் விழுந்தபின் அது நின்றுபோயிருந்தது; அன்று பாசாருக்குப் போனவர் சித்தப்பா.

அம்மா யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், அப்பா கத்தோலிக்கர். இருவருக்கும் நடுவே சண்டையில்லாத ஓர் ஏற்பாடு இருந்தது. பன்றி இறைச்சிக்குப் பின்வாசலில் கரியடுப்பும், அதற்கென்றே ஒரு கறுத்த சட்டியும். அப்பாவே சமைத்து, அப்பாவே கழுவ வேண்டும். அந்தச் சட்டி ஒரு நாளும் சமையலறைக்குள் வந்ததில்லை.

அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. மாதக்கணக்காகக் கஞ்சிதான் இறங்கியது. அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் அவரிடம் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அம்மா சித்தப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

"ஆசைப்பட்டதை எல்லாம் குடுங்கோ எண்டு டாக்டர் சொல்லிட்டார், தம்பி."

பத்தியம் முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. அப்பா கேட்டது, சாஸ் தடவிக் கரியில் சுட்ட விலா எலும்பு.

சித்தப்பா இறைச்சிப் பொட்டலத்தோடு பின்வாசலில் நின்று யோசித்தார். "கரியில சுட்டா அண்ணனால கடிக்க முடியாது, அண்ணி. குக்கர்ல போட்டாத்தான் பஞ்சு மாதிரி வரும்லா. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிகிட்ட இரவல் கேக்கவா?"

"ஊரார் குக்கர் எதுக்கு?" என்ற அம்மா, காலையில் பருப்பு வேகவைத்துக் கழுவிக் கவிழ்த்திருந்த தன் குக்கரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

சித்தப்பா அதைத் தொடத் தயங்கினார். அம்மாவே இஞ்சி, பூண்டு, வினிகர் சேர்த்து, இறைச்சியைப் பார்க்காமல் மூடியைத் திருகினார். நான் கூடத்தில் அப்பாவின் நாற்காலியருகே இருந்தேன். முதல் விசில் வந்தது.

"பருப்புதான் காலையிலேயே ஆயிடுச்சே. என்னா வேகுது?"

"உங்களுக்கு விலா எலும்புப்பா."

"யாரு குக்கர்ல?"

"அம்மாவோடதுதான்!" என்றேன் பெருமையாக.

அப்பா நாற்காலியில் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தடுத்து வந்த விசில்களைக் கேட்டபடி சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெந்த இறைச்சியில் சித்தப்பா கருப்புக் கிச்சாப்பு என்கிற சோயா சாஸும் தக்காளி சாஸும் சீனியும் குழைத்துத் தடவிக் கம்பி வலையில் வைத்தார். "எலும்பு ஒரு பக்கம் போகுது, கறி ஒரு பக்கம் போகுது பாரு" என்று என்னைச் சிரிக்க வைத்தார். அப்பா இரண்டு சிறு துண்டுகளை வெகுநேரம் மென்றார். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார்.

"நல்லா வெந்திருக்கு" என்றார் அப்பா, அம்மாவை நிமிர்ந்து பார்த்து. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். பன்றி வாடை பொறுக்கவில்லை போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பின்வாசலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு விழித்தேன். சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாத அப்பா, மணைக்கட்டையில் உட்கார்ந்து குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புளி, சாம்பல், மறுபடி புளி. ரப்பர் வளையமும் விசிலும் பழைய பேப்பரில் காய்ந்தன. மூச்சு வாங்கும்போது நிறுத்தினார், பிறகு தொடர்ந்தார். அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார்; தடுக்கவில்லை.

கடைசியில் அப்பா குக்கரை மோந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்.

"இந்தா. பருப்பு வை."

அப்பா எழுந்து வேலை செய்கிறார், அவருக்குக் குணமாகிவிட்டது என்று கத்திக்கொண்டே நான் சித்தப்பாவை எழுப்ப ஓடினேன்.