மென்பொருளுக்கு எங்கே பொட்டு வைப்பது?

போன மாதம் ஆயுத பூசையன்று எங்கள் ஆபீஸில் ஒரு கேள்வி எழுந்தது. இத்தனை வருடமாகக் கணினியோடு குடும்பம் நடத்துகிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கேட்டவர் எங்கள் பாஸ், சோலையப்பன். செட்டிநாட்டுக் குடும்பம். ஜொகூர் பாருவில் துப்புரவுச் சாமான் வியாபாரம் — துடைப்பம், சோப்புத் தண்ணீர், தரை கழுவும் மெஷின், அதை ஓட்ட ஆள் வரைக்கும் சப்ளை செய்கிறார். அங்கே கணினிப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால்... நான் ஒருத்திதான்.

கையில் சந்தனக் கிண்ணத்தோடு பாஸ் ஆபீஸைச் சுற்றி வந்தார். வேன், தராசு, பிரிண்டர், தரை கழுவும் மெஷின் — எல்லாவற்றுக்கும் பொட்டு. கடைசியாக என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஆத்தா கோமதி, லெட்டர் அடிக்கிற சாப்ட்வேர், கணக்குப் போடுற சாப்ட்வேர் எல்லாம் எங்க இருக்கு? பொட்டு வைக்கணும்."

"அது இங்க இல்ல பாஸ். கேஎல் பக்கம், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சர்வர்ல இருக்கு."

"கம்ப்யூட்டர்லதானே தெரியுது?"

"தெரியும். ஆனா இருக்காது."

பாஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடவுளைப் பற்றித்தான் இப்படி ஒரு விளக்கத்தை அவர் இதுவரை கேட்டிருப்பார்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக மென்பொருளை ஏற்றுவோம். இப்போது அப்படி இல்லை. ஒரே பொட்டலமாகக் கட்டி சர்வரில் வைத்துவிடுவோம். எல்லோருக்கும் அங்கிருந்து வரும். யார் எதைத் திறக்கலாம், எங்கே சேமிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற விதிகளையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதலாம். இதற்குப் பாலிசி என்று பெயர். எழுதுவது யார்? அடியேன்தான். வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. ஆபீஸில் எல்லாக் கணினியும் கேட்கும். அந்த சுகத்தை ஏன் மறைக்க வேண்டும்?

பாஸுக்கு அடுத்த கவலை வந்தது. பூசையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. போன வருடம் யாரோ நடுவில் கணக்கு மென்பொருளைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வாரமே ஒரு பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போனார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நீங்களும் நானும் கேட்கலாம். பாஸ் கேட்க மாட்டார்.

"பொட்டு வைக்க முடியாட்டிப் பரவால்ல. பூட்டிடு" என்றார்.

பூட்டினேன். சும்மா இல்லை, அழுத்தமாகப் பூட்டினேன். வெளியே பாலிசியில் ஒரு தடை. அது போதாதென்று, பொட்டலத்தைப் பிரித்து உள்ளேயும் ஒரு தடை வைத்து மறுபடி கட்டினேன். யார் திறந்தாலும் திரையில் ஒரு வாசகம் வரும்: "கருவிகள் பூசையில் உள்ளன." சுற்றிலும் பூப்போட்ட பார்டர் வேறு!

மறுநாள் காலை. நம் ஊரில்தான் விஜயதசமிக்கு லீவு கிடையாதே... எல்லோரும் வேலைக்கு வந்தாயிற்று. சுண்டலும் ஆயிற்று. பாஸ் கற்பூரம் காட்டி, "ம், ஆரம்பிங்க" என்றார். நான் வெளித் தடையை எடுத்தேன். எல்லோரும் திறந்தார்கள்.

"கருவிகள் பூசையில் உள்ளன."

உள்ளே இருந்த தடை வெளியே நான் சொல்வதைக் கேட்கவில்லை. அதை எடுக்கப் பொட்டலத்தைத் திரும்பப் பிரித்துக் கட்டி, எல்லாக் கணினிக்கும் அனுப்ப வேண்டும். மத்தியானம் ஆகிவிடும். சரி, எப்படிப் பிரிப்பது? படிப்படியாக எழுதி வைத்திருந்தேனே! கோப்பைத் தேடிப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டினேன்.

"கருவிகள் பூசையில் உள்ளன."

ஆமாம். பூட்டைத் திறக்கும் வழியை, பூட்டிய மென்பொருளிலேயே எழுதி வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

பாஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கோபப்படவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா இன்னும் எந்திரிக்கல போலிருக்கு. சாயந்தரம் இன்னொரு தடவ பூசை போட்டுப் பாப்போம். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

கவனித்தீர்களா? பழி என் மேல் இல்லை, சரஸ்வதி மேல். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்தேன். எப்படியாவது முட்டிமோதி மத்தியானத்துக்குள் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, சாயந்தரம் இன்னொரு சுண்டலும் சாப்பிட்டிருக்கலாம்.

ஆனால் திலகா நின்றுகொண்டிருந்தாள்.

திலகா எங்கள் விற்பனைப் பிரிவு. வீடு பண்டார் தெங்காராவில். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டைத் தாண்டி, இருட்டோடு கிளம்பி ஜொகூர் பாருவுக்கு வருகிறவள். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் துப்புரவு கான்ட்ராக்டுக்காக மாசக்கணக்கில் அலைந்து, அன்று பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தாள். அது கிடைத்தால் பண்டார் தெங்காராவில் பூட்டிக் கிடக்கும் எங்கள் ஸ்டோரைக் கிளையாக்கி அவளிடம் கொடுப்பதாக பாஸ் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

"கோமதிக்கா, என் ஸ்லைடு எல்லாம் உள்ளதான இருக்கு. போன்ல திறக்கலாமா?"

"முடியாதும்மா. பாலிசி."

"பென்டிரைவ்ல போட்டு வெளிய கடையில?"

"முடியாது."

"எனக்கே ஒரு ஈமெயில்?"

அதுவும் முடியாது. நம்முடைய விலை விவரம் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடக்கூடாது என்று எல்லா வழியையும் அடைத்து வைத்த புத்திசாலி நான்தான். அவள் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து "யாரது?" என்று என் குரல்தான் வந்தது.

"அலமாக்..." என்று தலையில் கைவைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எம் பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்பறத நான் பாத்ததே இல்லக்கா. நான் கிளம்பறப்ப தூங்கிக்கிட்டிருப்பா. லீவு நாள்ல வந்து, அம்மா நீ இன்னிக்கு வேலைக்குப் போகலியான்னு விருந்தாளியக் கேக்கற மாதிரி கேக்கறா."

அப்போதுதான் ஞாபகம் வந்தது — ஒரே ஒரு கணினி தப்பித்திருக்கிறது. பாஸுடைய லேப்டாப்! அப்டேட் வந்து பட்டன் இடம் மாறினாலே அவர் ஆபீஸை ரெண்டாக்கிவிடுவார். அதனால் அவருக்கு மட்டும் விதியே இல்லாத தனிப் பொட்டலம்; யாருடைய கோப்பும் அதில் திறக்கும். ஊருக்கெல்லாம் சட்டம் எழுதுகிறவர்கள் ஒருவரை மட்டும் விட்டுவைப்பார்கள். யாரை என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த லேப்டாப் எங்கே? சரஸ்வதி படத்துக்கு முன்னால், சந்தனம் குங்குமத்தோடு, மல்லிகைச் சரம் சுற்றி. சாயந்தரம்வரை தொடக்கூடாது என்று இப்போதுதான் உத்தரவாகியிருக்கிறது.

நேராக பாஸிடம் போனேன்.

"பாஸ், ஆத்தா எந்திரிச்சிட்டாங்க. பூட்டுனது நான். திறக்கத் தெரியாம முழிக்கறதும் நான். ஸ்கிரீன்ல வந்த எழுத்தும் நான் டைப் பண்ணதுதான்."

பாஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூ பார்டருமா?"

"பூ பார்டரும்தான்."

"அப்ப ஆத்தா தூங்கல. நீதான் தூங்கியிருக்கே."

அப்புறம் கொஞ்ச நேரம் எனக்கு விழுந்ததை இங்கே எழுத முடியாது. குழந்தைகளும் படிக்கும் பத்தி இது. திட்டி முடித்துவிட்டு அவரே போய் படத்தின் முன் கும்பிட்டு, லேப்டாப்பைத் தூக்கித் திலகாவின் கையில் கொடுத்தார். பூவை எடுக்கப் போன அவளைத் தடுத்தார். "இருக்கட்டும்மா. அப்படியே கொண்டு போ."

அவள் கிளம்புமுன் பூட்டைத் திறக்கும் வழியை அதிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டேன்; மத்தியானம் எல்லாக் கணினியும் திறந்துகொண்டன. மிச்சத்தைத் திலகா வந்து சொன்னாள். தொழிற்சாலை மேனேஜர் மிஸ்டர் லிம். அவர் மேசையில் மல்லிகை மணக்க, குங்குமப் பொட்டோடு லேப்டாப். திறந்தால் விதியில்லாத பாஸின் மென்பொருள்... பாஸ் கண்ணுக்கேற்ப எழுத்து அவ்வளவு பெரிசு, ஒரு திரைக்கு நாலு சொல்தான் தெரிந்ததாம்! லிம் சிரிக்கவில்லை. பொட்டைக் காட்டி, "திஸ் ஒன் வாட்?" என்று கேட்டார்.

"இன்னிக்கு எங்களுக்கு நல்ல நாள் சார். இன்னிக்கு ஆரம்பிக்கிற வேலை நல்லா நடக்கும்னு நம்புவோம். இந்தப் பூசை முடிஞ்சு நாங்க ஆரம்பிக்கிற முதல் வேலை உங்களுதுதான்" என்று இவள் ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னாள்.

"குட் டே ஆ?"

"பெஸ்ட் டே, சார்."

சீனப் புத்தாண்டு முடிந்து கடை திறக்க நல்ல நாள் பார்க்கிற சீனர் அல்லவா? நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்லைடை முழுக்கப் பார்த்தார், விலையில் கசக்கிப் பிழிந்தார், ஆனால் வேறு எந்தக் கம்பெனியையும் கூப்பிட்டுப் பேசவில்லை.

நானும் ஒரு பாடம் கற்றேன். சட்டம் போட ஒரு நிமிடம் போதும். அது யார் வீட்டுக் கதவில் போய் இடிக்கும் என்று யோசிக்கத்தான் நேரம் வேண்டும். நாம் அதைத்தான் செய்வதில்லை.

கான்ட்ராக்ட் கையெழுத்தாகி, கிளையும் திறந்தாயிற்று. இந்தத் திங்கட்கிழமை காலையில் திலகா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பள்ளிச் சீருடையில் அவள் மகள். முன்னால் தொடாத தோசை. முகத்தில் உலகத்துக் கோபம் எல்லாம். கீழே எழுதியிருந்தாள்:

"காலையில இவ இந்தப் பாடு படுத்துவான்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. என்ன பண்றது?"

"இதுக்கு எங்கிட்ட பாலிசி இல்லம்மா" என்று பதில் போட்டேன்.