தனக்கொடியின் மேசை வளையல்

சேதராப்பட்டில் ஹாஜா பாய் குழந்தைகள் செருப்புக் கம்பெனி நடத்தினார். எண்பத்தெட்டில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. அதன் முன்னால் உட்கார தனக்கொடி வந்தாள். செருப்பின் அடியைத் திரையில் வரைவாள். பிறகு திரையின் கண்ணாடிமேலேயே டிரேசிங் பேப்பரை ஒட்டிக் கோடிழுத்து, தோல் வெட்டுகிறவர்களிடம் கொடுப்பாள்.

அந்த ஊர் கரண்டு லேசுப்பட்டதா? காலையில் கொழுத்த படம் மத்தியானம் இளைத்துவிடும். வளைந்த கண்ணாடியில் ஸ்கேலும் படியாது. தனக்கொடி தன் ரெண்டு-நாலு சைஸ் வளையல் ஒன்றை மேசையில் வைத்திருந்தாள். அதே அளவுக்குத் திரையில் ஒரு வட்டம். வளையலை அதன்மேல் வைத்து, இரண்டும் ஒட்டும்வரை பின்பக்கக் குமிழ்களைத் திருகுவாள். நீளமும் அகலமும் ஒரே வளையலில் சரியாகிவிடும்.

ஏழாம் மாதம் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. பிள்ளை பெற்று வந்தால் இந்த நாற்காலி இருக்குமா என்பதுதான் அவளுக்கு ஒரே கவலை. பாயிடம் கேட்கப் பயம். அந்த வாரம் மேசை வளையல் விழுந்து உடைந்தது. வளைகாப்பில் மிஞ்சியதில் ஒன்றை எடுத்து வந்து வைத்தாள்.

அடுத்து வெட்டிய அடிகள், முன்பே வெட்டி வைத்திருந்த மேல்தோலோடு சேரவில்லை. எல்லாம் பெரிது. மெஷினை நம்பிக் கெட்டோம், விற்ற கடைக்காரனிடமே திருப்பிவிடலாம் என்றார் பாய்.

மெஷின் போனால் நாற்காலியும் போகும். வாயைத் திறந்தால் வீணான தோல் தன் தலையில் விழும். தனக்கொடி வளையலைப் பார்த்தபடி நின்றாள்.

"மெஷின் மேல தப்பில்ல பாய். என் கைதான் வீங்கிப்போச்சு."

பாய் விழித்தார். வீங்கின கைக்கென்று வளையல்காரர் ரெண்டு-ஆறு கொடுத்ததையும், அதை மறந்து திரையில் வைத்ததையும் அவள் சொல்லி முடித்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாய் ஓர் அடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடுத்த சைஸுக்கு ஆகும், மேல்தோலை மட்டும் புதிதாக வெட்டிக்கொள்ளலாம் என்றார். மறுநாள் பெரிய மார்க்கெட்டிலிருந்து ரெண்டு-நாலில் ஒரு பித்தளை வளையல் வாங்கி வந்து, திரைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். நாற்காலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோது வளையல் ஆணியிலேயே தொங்கியது. மெஷினைப் போட்டு, வட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். வட்டம் முட்டை மாதிரி நீண்டு கிடந்தது. இத்தனை நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் குமிழ்களைத் தொடவில்லை.

தனக்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திருக ஆரம்பித்தாள்.