சிறிதரன் காட்டிய வீடு

சிறிதரன் மெல்பேணில் டாண்டினோங் பக்கத்தில் பஸ் ஓட்டுகிறவர். பதினெட்டு வருடமாக ஓட்டுகிறார். புதிய பாதை ஒன்றில் தன்னைப் போடப்போகிறார்கள் என்று தெரிந்தால், லீவு நாளில் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாதையை இரண்டு தரம் ஓடிப் பார்த்துவிட்டு வருவார். எந்த வளைவில் மரக்கிளை தாழ்ந்திருக்கிறது, எந்தத் தரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பலாக ஏறுவார்கள் என்பதெல்லாம் முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும். பின்னால் சனத்தை வைத்துக்கொண்டு தெருத் தெரியாமல் முழிப்பதைப்போல ஒரு வெட்கக்கேடு இல்லை என்பது அவருடைய எண்ணம்.

அப்படிப்பட்ட மனிதர், தான் கண்ணால் கண்டிராத ஒரு நகரத்துக்கு இரண்டு நண்பர்களை வழிகாட்டிக் கூட்டிப்போக வேண்டி வந்தது. அதுவும் அந்த நகரத்தில் ஐந்து மாதம் சுற்றித் திரிந்ததாகப் பதினைந்து வருடம் சொல்லி வந்த பிறகு.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஜேர்மனிக்கு அனுப்புவதாகச் சொல்லி ஏஜென்ட் அவரைச் செக் நாட்டுப் பிராக் நகரில் ஐந்து மாதம் வைத்திருந்தது உண்மை. மூடிய வான் ஒன்றில் கொண்டுபோய் ஓர் அடுக்குமாடி அறையில் விட்டான். பதினொரு பேருக்கு ஓர் அறை. திரைச்சீலையை ஜன்னல் சட்டத்தோடு ஆணியடித்திருந்தார்கள். ஐந்து மாதம் முடிய அதேபோல மூடிய வானில் ஏற்றினார்கள். எல்லையில் பிடிபட்டுக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு யோகாவைக் கட்டி, அவளுடைய ஸ்பொன்சரில் மெல்பேணுக்கு வந்து, நோபல் பார்க்கில் வீடு வாங்கி, சயந்தினியைப் பெற்று, பஸ் ஓட்டத் தொடங்கியதெல்லாம் அவருடைய வாழ்க்கையின் நேரான பகுதி.

சயந்தினிக்கு ஆறு வயதாக இருந்தபோது, அப்பா இங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தார் என்று பள்ளிக்கூடத்தில் படம் கீறிவரச் சொன்னார்கள். ஆணியடித்த திரைச்சீலையைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அவர் நூலகத்துக்குப் போய்ப் பிராக் நகரத்துப் படப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். அதில் ஆற்றங்கரையோரம் ரோஸ் நிறத்தில் ஒரு வீடு இருந்தது. அப்பா அதில் மேல்மாடியில் இருந்தவர், காலையில் ஜன்னலைத் திறந்தால் பாலம் தெரியும், பின்னேரத்தில் பொம்மைகள் வந்து போகும் பெரிய மணிக்கூட்டைப் பார்க்க நடந்து போவார் என்று சொன்னார். பிள்ளை கேட்டுக் கேட்டு வாங்கிய கதை அது. யோகாவுக்கு உண்மை தெரியும். ஆனால் தகப்பனும் மகளும் சேர்ந்து கட்டிய கதையில் அவள் கை வைக்கவில்லை.

பிறகு ஒருநாள் வரதராஜாவின் வீட்டு விருந்தில், சயந்தினி எல்லோர் முன்னிலையிலும் அந்தக் கதையை எடுத்துவிட்டாள். வரதராஜா எண்பத்தெட்டில் மாணவ விசாவில் வந்து கணக்காளராகி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. புதிதாக யாரைக் கண்டாலும், ‘எப்பிடி வந்தனீர்?’ என்பதுதான் முதல் கேள்வி. பதில் கப்பல், ஏஜென்ட் என்று போனால் முகத்தை ஒரு பக்கம் சரித்து, ‘சீ, பாவம்’ என்பார். அன்றைக்கு அவர் முகத்தைச் சரிக்கவில்லை. ‘யூரோப்பிலயெல்லோ இருந்திருக்கிறாய், சொல்லவேயில்லை’ என்று கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சிறிதரன் மறுக்கவில்லை. அந்தக் கதிரை அவருக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமைகளில் இருவரும் ஸ்பிரிங்வேலில் பட்மின்டன் விளையாடுவார்கள். கூட விளையாடும் ஈஸ்வரமூர்த்தி ஈரோட்டுக்காரர், கணினி வேலை, இருவரிலும் இளையவர், சுத்த சைவம். ஆட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போதெல்லாம் மூவருமாகப் பிராக் போய்வருவோம் என்ற கதை வரும். சிறிதரன் இரண்டு வருடம் சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டார். ஆனால் அவருக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. ஐந்து மாதம் இருந்த ஊரை ஒரு தரமாவது பார்க்க வேண்டும். சென்ற வருடம் வரதராஜா மலிவு டிக்கெட் கண்டுபிடித்து மூன்றாகப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றார். இனி வழியில்லை.

நான்கு மாதம் படித்தார். வேலை முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு கணினியின் முன் உட்கார்ந்து, பிராக் தெருக்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் நடந்தார். டிராம் இலக்கங்களைப் பாடமாக்கினார். சாப்பாட்டுப் பெயர்களைச் சொல்லிப் பழகினார். ரோஸ் நிற வீட்டையும் தேடிப் பிடித்தார். புத்தகத்தில் இருந்த அதே வீடு அல்ல. ஆனால் கம்பா என்ற ஆற்றுத் தீவின் கரையில், கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று. ஏனென்றால் சயந்தினி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: நீங்கள் இருந்த வீட்டுக்கு முன்னால் நின்று ஒரு படம். இருபத்தொரு வயதுப் பிள்ளை, அதைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

முதல் இரண்டு நாளும் சிறிதரன் பிசகில்லாமல் ஓட்டினார். சனம் நெரிய முன்னம் காலையிலேயே சார்ள்ஸ் பாலத்தில் நின்றார்கள். இருபத்திரண்டாம் இலக்க டிராமில் கோட்டைக்கு ஏறினார்கள். மணிக்கூட்டுக்கு முன்னால் சரியான நிமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மத்தியானம் தாரா இறைச்சிப் பொரியலும் அவித்த மாவுருண்டையும் எடுத்தார்கள். ஈஸ்வரமூர்த்திக்குப் பொரித்த பாற்கட்டி கிடைத்தது. மூன்று வேளையும் அதையே தின்று, நான்காம் வேளை அதைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டார். வரதராஜா மாவுருண்டையைக் கத்தியால் குத்திப் பார்த்து, ‘பாணை அவிச்சு வைச்சிருக்கிறாங்கள்’ என்று சொல்லிப் பையிலிருந்து மிளகாய்ச் சோஸ் போத்தலை எடுத்தார். ஆனால் இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றார். ‘சிறி இல்லாட்டி நாங்கள் இந்த ஊரில துலைஞ்சிருப்பம்’ என்று பட்மின்டன் குழுவுக்கு வட்ஸ்அப்பில் குரல்செய்தியும் அனுப்பினார். பக்கத்தில் இருந்து அதைக் கேட்ட சிறிதரன் தாராத் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

மூன்றாம் நாள் காலை கம்பாவுக்குப் போனார்கள். ரோஸ் நிற வீடு அவர் கணினியில் கண்ட மாதிரியே நின்றது. “இதுதான். அந்த மேல் ஜன்னல்” என்றார். ஈஸ்வரமூர்த்தி அவரைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி நாலைந்து படம் எடுத்தார். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வரதராஜா படியில் ஏறி நின்றுகொண்டு, வந்ததுதான் வந்தோம், மேலே போய் அந்த அறையையும் ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்றார். சிறிதரன் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் அவர் மணியை அழுத்திவிட்டார்.

கதவைத் திறந்தவள் ஐம்பது வயதுப் பெண். கை ஈரமாக இருந்தது; துடைத்துக்கொண்டே, நல்ல ஆங்கிலத்தில் என்ன வேண்டும் என்று கேட்டாள். வரதராஜா கையெல்லாம் அசைத்து, இவர் தொண்ணூற்றேழில் உங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர், அவுஸ்திரேலியாவிலிருந்து பார்க்க வந்திருக்கிறோம் என்று விளங்கப்படுத்தினார். அந்தப் பெண் மரியாதையாகத்தான் மறுத்தாள். அரசாங்கம் எடுத்திருந்த வீட்டைத் தொண்ணூற்றொன்றில் தகப்பனார் திரும்பப் பெற்றாராம். அன்றிலிருந்து மேல்மாடியில் இருப்பது அவளேதானாம். ஒருநாளும் வாடகைக்கு விட்டதில்லையாம்.

வேறொருவராக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கியிருப்பார். வரதராஜா இறங்கவில்லை. நீங்கள் மறந்திருப்பீர்கள், அப்போது இவருக்கு மீசை இருந்தது, மெலிந்த ஆள் என்றார். தகப்பனார் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றார். அவள் சிரிப்பதை விட்டுவிட்டுக் கதவைச் சற்று ஒருக்களித்தாள். அப்போது வரதராஜா ஒரு கையைச் சிறிதரனின் தோளில் போட்டு, இந்த மனிதர் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டுகிறார், ஒரு நிமிடம் பிந்தி வந்ததில்லை, பொய் சொல்லுகிற ஆள் இல்லை என்று அடித்துச் சொன்னார்.

அகப்பட்டுக்கொண்ட பயத்தைச் சிறிதரன் தாங்கியிருப்பார். தோளில் இருந்த கையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“அண்ணை, அந்த மனிசியை விடுங்கோ. நான் இந்த வீட்டில இருக்கேல்லை.”

வரதராஜா திரும்பினார். “அப்ப எந்த வீடு?”

“தெரியாது.”

சிறிதரன் அந்தப் பெண்ணிடம் தன் பிழை என்று மன்னிப்புக் கேட்டார். அவள் தலையசைத்துக் கதவைச் சாத்தினாள்.

மூவரும் நடந்தார்கள். மழை துமிக்கத் தொடங்கியது. மூலையில் இருந்த சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்து, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார்கள். மூன்று சூப்புக்குச் சொல்லிவிட்டு, ஈஸ்வரமூர்த்தி சாப்பாட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிதரன் தானாகவே சொல்லத் தொடங்கினார்.

வானைச் சொன்னார், ஆணியைச் சொன்னார். மேல்வீட்டு ரேடியோ பாடினால்தான் குழாயைத் திறக்கலாம், இல்லாவிட்டால் தண்ணீர்ச் சத்தம் அயலுக்குக் கேட்டுவிடும் என்பதைச் சொன்னார். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒருத்தன் பாணும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து போடுவான். ஒரே அடுப்பில் முறைவைத்து அவிப்பார்கள். வரதராஜா வீட்டு விருந்துகளில் தான் கிழங்குக் கறியைத் தொடாதது வாய்வுக்குப் பயந்து அல்ல என்றார். எங்கேயோ ஒரு தேவாலய மணி அடிக்கும், அதை எண்ணித்தான் நேரம் தெரியும். இந்தமுறை வந்த நாளிலிருந்து எல்லா மணியையும் காது கொடுத்துக் கேட்டுப் பார்த்ததாகவும், எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்கிறது என்றும் சொன்னார்.

சூப்பும், ஆளுக்கொரு தட்டில் பாண் துண்டுகளும் வந்தன. ஒருவரும் கரண்டியை எடுக்கவில்லை.

“ஏன்டாப்பா எங்களுக்குச் சொல்லேல்லை?” என்றார் வரதராஜா.

“சொல்லியிருந்தா நீங்கள் என்ன சொல்லியிருப்பியள், அண்ணை?”

வரதராஜா யோசித்தார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “பாவம் எண்டு சொல்லியிருப்பன்.”

“அதுக்குத்தான்.”

வரதராஜா ஜன்னல் பக்கம் திரும்பினார். தான் எல்லாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பது ஒரு பழக்கம், வேறொன்றும் நினைத்துக் கேட்பதில்லை என்றார். சொல்லி முடித்தபோது அவருக்கே அது சரியாகப் படவில்லை போலும். மிளகாய்ச் சோஸ் போத்தலை எடுத்து மூடியைத் திருகித் திறந்து, திரும்பவும் மூடினார்.

அந்த நேரம் பார்த்துச் சிறிதரனின் போன் அதிர்ந்தது. சயந்தினி. ‘அப்பா, ஃபோட்டோ எங்க?’ என்று கேட்டிருந்தாள்.

மேசையில் வைத்த போனை மூவரும் பார்த்தார்கள். எடுத்த படத்தையே அனுப்பி விடும்படி வரதராஜா சொன்னார். அழகான படம், பிள்ளை ஆசையாக இருக்கிறாள், தங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார் என்பது சிறிதரனுக்குத் தெரிந்தது. ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார்.

“நான் என்னண்ணே சொல்றது,” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “ஆனா அந்தப் பொண்ணு அதை ஃபிரேம் பண்ணி மாட்டிட்டா, நீங்க தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகணும்.”

சிறிதரன் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கடையின் தாழ்வாரத்தில் நின்றார். மெல்பேணில் இரவு எட்டு மணி. யோகா கோயிலுக்குப் போயிருப்பாள். பிள்ளை தனியாகத்தான் இருப்பாள். இரண்டாம் மணியிலேயே எடுத்தாள்.

“மகள், வீட்டுப் படம் இல்லை. அந்த வீடு எங்க எண்டு அப்பாவுக்குத் தெரியாது.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே சொன்னதைவிட மெதுவாக, சில இடங்களில் நின்று நின்று. அவள் குறுக்கே பேசவில்லை. முடித்தார். லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“சோ, அந்த பிரிட்ஜ்?” என்றாள் கடைசியில். “அந்த க்ளொக்?”

“ரெண்டையும் முந்தநாள்தான் பாத்தனான்.”

அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தார். கோபம் இருந்தது, மூச்சில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பதினேழு வயதில்கூட யாரோ ஒரு பையனிடம் சொன்னாளாம். ‘சொறி, மகள்’ என்றார். அந்தச் சொல் மிகச் சின்னதாக இருந்தது.

மறுபக்கத்தில் கதிரை ஒன்று இழுபட்டது. அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“பதினொரு பேர் எண்டு சொன்னீங்கள்,” என்றாள். “ஹூ வேர் தே? பேர் தெரியுமா?”

அதை அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. யோகாகூடக் கேட்டதில்லை. தெரியும் என்றார். எல்லாருடைய பேரும் தெரியும்.

“ஒராள் இளங்கீரன், கரவெட்டி. நல்ல பகிடிக்காரன். சத்தமில்லாமல் எங்களைச் சிரிக்க வைப்பான், நாங்கள் தலையணைக்குள்ள முகத்தை வைச்சுச் சிரிப்பம். பிறகு கல்யாணசுந்தரம் மாஸ்டர்...”

கண்ணாடிக்கு உள்ளே ஈஸ்வரமூர்த்தி எழுந்து, சாப்பாடு ஆறுகிறது என்று அவரைக் கூப்பிட வரப் பார்த்தார். வரதராஜா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு தன் பாண் தட்டைக் காலியாக்கி, அதைக் கவிழ்த்துச் சிறிதரனின் சூப்பை மூடினார்.